யாழ்ப்பாணத்தில் வாகனத் தொல்லை இல்லாமல், நீர்நிலையையும் கடற்கரையையும் சுற்றி சைக்கிள் ஓட நல்ல பாதை இருக்கிறதா?

கனடாவில் ஒரு நீர்த்தேக்கத்தைச் சுற்றி, வாகனம் வராத பாதையில் சனி ஞாயிறில் சைக்கிள் ஓடிப் பழகிவிட்டேன், டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறேன், அங்கே அப்படி ஓட இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே ஒருவர், "யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்றும் இல்லை, சைக்கிளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இரணைமடுக் குளத்துக்குப் போங்கள்" என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இரணைமடு அழகில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாரி முடிந்து குளம் நிறைந்து கிடக்கும் நேரம் அந்த அணைக்கட்டில் நின்றால் யாருக்கும் திரும்பி வர மனம் வராது. ஆனால் அது கிளிநொச்சியில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் 60 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். சைக்கிளிலேயே வாழ்ந்த ஊருக்கு சைக்கிள் ஓட இடமில்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? தொண்ணூறுகளில் பெற்றோல் வராத வருடங்களில் நோயாளியைக் கொண்டுபோனதும் சைக்கிளில்தான், கலியாண வீட்டுக்குப் போனதும் சைக்கிளில்தான். 1995 ஒக்ரோபரில் போரால் வலிகாமப் பகுதி முழுக்க இடம்பெயர்ந்த இரவில் எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் அப்பாவின் றலி சைக்கிளில் கரியரிலும் பாரிலும் தொங்கிக்கொண்டு வந்தது. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஏறி ஓட இடமில்லாமல் உருட்டிக்கொண்டே நடந்தோம்.

சரி, பாதைக்கு வருகிறேன். உங்கள் ஊரில் இருப்பதுபோல சைக்கிளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாதை இங்கே இல்லை. நீர்த்தேக்கம் என்று பெயர் போட்ட ஒன்றும் குடாநாட்டுக்குள் இல்லை. ஆனால் தொண்டைமானாற்று நீரேரி இருக்கிறது, அதன் வாயில் கதவு போட்ட தடுப்பணை இருக்கிறது, அந்த வாய்க்கு அப்பால் கடல் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே சுற்றில்.

அச்சுவேலியில் தொடங்குங்கள். அங்கிருந்து வடக்கே தொண்டைமானாறு போகும் வீதியில் விடிய ஐந்தரைக்கு ஏறினால் உங்களுக்கு முன்னால் போகிறவர் அனேகமாக பால் போத்தல் கட்டிய சைக்கிள்காரராகத்தான் இருப்பார். பாலத்தில் இறங்கி நில்லுங்கள். ஒரு பக்கம் அசையாத நீரேரி, மறுபக்கம் கடல், கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில். பிறகு கடற்கரை வீதியால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. திரும்பும்போது நெல்லியடிக்கு வந்து வல்லைவெளி என்ற திறந்த வெளியால் நீரேரியைக் கடந்து மறுபடி அச்சுவேலி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர். அவ்வளவு முடியாது என்றால் தொண்டைமானாற்றில் இருந்து உடுப்பிட்டி, வல்லை, அச்சுவேலி என்று நீரேரியை மட்டும் சுற்றி வரலாம், அது இன்னும் அமைதி.

நான் இந்தச் சுற்றை முறையாக ஓடத் தொடங்கியது 2022 இல், பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில். வேலை நெல்லியடியில், மோட்டார் சைக்கிள் வீட்டில், அதனால் வல்லைவெளியால் தினமும் சைக்கிள். முதல் வாரம் தொடை பிடித்துக்கொண்டது, மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமையும் கால் தானாகவே சைக்கிளைத் தேடியது. அப்போது மகளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு சந்நிதிக்குப் போனேன். தொண்டைமானாற்றுக்குக் கிட்டப் போகும்போது அவளுடைய முன் ரயர் காற்றுப் போய் இருந்துவிட்டது. பக்கத்தில் கடையில்லை, என்னிடம் காற்றடிக்கும் பம் மட்டும்தான். அடித்துப் பார்த்தேன், நூறு யார் போகவில்லை.

அந்த நேரம் கரியரில் வலையும் பறியும் கட்டிய ஒரு ஐயா பழைய லுமாலா சைக்கிளில் வந்தார். நான் கேட்காமலே இறங்கி, மகளின் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, இரண்டு கரண்டிப் பிடியால் ரயரை நெம்பி ரியூப்பை உருவினார். நீரேரித் தண்ணீரில் ரியூப்பை அமத்திப் பிடித்தார், வால்கட்டைக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வந்தது. சேட்டுத் துணியால் துடைத்து, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் என்ற ஒட்டுப்பசை பூசி ஊதி ஊதிக் காயவிட்டார். நான் அவசரப்பட்டு ரியூப்பை உள்ளே போடப் போனேன். "தம்பி, முள்ளை எடுத்தனியோ?" என்று கேட்டார். ரயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார், ஒரு சுற்று முடிகிற இடத்தில் விரலை நிறுத்தினார். உடைமுள், நெல்மணி அளவுதான், வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "பிள்ளைக்குச் சோடா வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றில் இருந்து முள்ளைத் தேடாமல் நான் ஒரு ஒட்டும் போட்டதில்லை.

ஒட்டுக் காயும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்த மகள், "அப்பா, இவ்வளவு தண்ணி இருக்கு, பிறகு ஏன் எங்கட கிணறு உவர்க்குது?" என்று கேட்டாள். கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலம் சுண்ணக்கல். ஆறு இல்லை, மழை ஒன்றுதான். அந்த மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது, நாங்கள் அள்ளுவது அந்தப் படையைத்தான். கடல் உள்ளே வராமல் மறித்து நீரேரிகளை நன்னீராக்கவே தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டினார்கள். ஆனையிறவு நீரேரியில் இருந்து வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு, அதாவது இந்தத் தொண்டைமானாற்று நீரேரிக்கு, நன்னீர் கொண்டுவருவதாகப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் திட்டம் போட்டார். "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" என்பது அதன் பெயர். அது முழுமையாக முடியவே இல்லை. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்திருக்கிறார்கள், நல்லது, ஆனால் கிணற்றுக்கு அது பதில் இல்லை. எங்கள் பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடித்து, வாடகை வாகனம் கழுவ நாள் முழுக்க மோட்டர் போட்டு இறைத்தார்கள். மேல்படை நல்ல தண்ணீரை இழுக்க இழுக்க அடியில் இருக்கும் உப்பு மேலே வரும், இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டு வருடத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட முடியாமல் போனது. அதிகாரிகளுக்கு மூன்று தரம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வந்து பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் ஒருவரும் வரவில்லை. அப்பாவின் அப்பா வெட்டிய கிணறு அது.

பாதைக்குத் திரும்புகிறேன். காற்றைக் கணக்கில் எடுக்காமல் வல்லைவெளிக்குள் இறங்காதீர்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோழகம், தென்மேற்கில் இருந்து அடிக்கும், பருத்தித்துறையில் இருந்து திரும்பி வருகிறவருக்கு நேரே நெஞ்சில். மறைக்க ஒரு பனை கூட இல்லாத வெளி அது. அந்த மாதங்களில் வல்லையால் போய், வீடும் வேலியும் மறைக்கும் தொண்டைமானாற்றுப் பக்கத்தால் திரும்புங்கள். நீங்கள் வருவது வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று அடிக்கும் காலம், அதனால் நான் மேலே சொன்ன ஒழுங்கிலேயே போங்கள், திரும்பும்போது வல்லையில் காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். பூநாரைகள் வருவதும் அந்தக் காலம்தான், விடியற்காலையில் நீரேரியில் கூட்டமாக நின்றால் உங்கள் பாக்கியம். மழை விடாமல் பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம்.

வல்லை வீதியில் பஸ் பறக்கிறது, அதைப் போய் வாகனம் இல்லாத பாதை என்கிறாயே என்று யாராவது கேட்பீர்கள். உண்மைதான். அந்த வெளியில் தனியார் பஸ் இரண்டு ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்து என்னை மண்ணுக்குள் இறக்கியிருக்கின்றன, நான் மறைக்கவில்லை. அதனால்தான் விடிய, அதுவும் ஞாயிறு அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) என்று சொல்கிறேன். வாகனம் இல்லாத வீதி என்று எங்களிடம் ஒன்று இல்லை, வாகனம் இல்லாத நேரம் இருக்கிறது. ஏழரைக்கு முன்னால் வல்லையைத் தாண்டிவிடுங்கள். ஆவணியில் சந்நிதித் திருவிழா நடக்கும் நாட்களிலும், வெள்ளிக்கிழமைகளிலும் அந்தப் பக்கம் சனம் நிறைந்திருக்கும்.

வல்வெட்டித்துறையில் கொஞ்சம் நின்று போங்கள். இந்த ஊர் நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்குநீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்தது எல்லாருக்கும் தெரியும். அதே மனிதர் 1979 இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓடினார் என்பது எங்கள் பெடியளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு வாரத்துக்கு மேல், இரவு பகலாக. அந்தக் கடற்கரையால் போகும்போது ஒவ்வொரு முறையும் மகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

வேறு பாதைகளும் இருக்கின்றன. பருத்தித்துறையில் இருந்து வல்லிபுரம், மணற்காடு அருமை, ஆனால் மணல் ஏற்றும் டிப்பர் ஓடும் நாளில் போகக்கூடாது. பொன்னாலையால் காரைநகர் போகும் பாலம் இரண்டு பக்கமும் தண்ணீர், மாலையில் நல்லது. புங்குடுதீவுப் பக்கம் குறிகட்டுவான் படகு நேரத்தில் வாகனம் வரிசையாக வரும், படகு போனதும் வீதி காலி.

கனடாவில் இருந்து மெல்லிய ரயர் போட்ட சைக்கிள் கொண்டு வர வேண்டாம். காப்பெற் போட்ட தார் வீதியில் ஓடும், ஒழுங்கைக்குள் திரும்பினால் கல்லும் முள்ளும்தான். இங்கேயே சொந்தக்காரரிடம் ஒரு லுமாலா வாங்கிக்கொள்ளுங்கள், பிரேக் கட்டையும் செயினும் மட்டும் முதல்நாளே பார்த்துவிடுங்கள். உவர்க்காற்றில் செயின் இரண்டு நாளில் துரு பிடிக்கும், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். சந்நிதியில் மதியம் அன்னதானம் கிடைக்கும், ஆனால் அதுவரை நின்றால் வல்லையில் வெயிலும் பஸ்ஸும் சேர்ந்து பிடிக்கும். வேறொரு நாள் அதற்கென்றே போங்கள், சைக்கிளை உள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் கேட்டு விட்டுவிட்டு.