கரண்டிமூக்கு உள்ளானா, கரண்டிவாயனா? டெல்டா பறவைகள் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு மாணவர், வேதாரண்யம்: கோடியக்கரையில் கரண்டி போன்ற அலகுள்ள பறவையைப் பார்த்தேன். அரிய கரண்டிமூக்கு உள்ளான் அதுதானா ஐயா?

எவ்வளவு பெரியது என்று எழுதவில்லையே தம்பி! வெள்ளை உடம்பும் முழங்காலைத் தாண்டிய உயரமுமாக இருந்தால் அது கரண்டிவாயன். நீ கேட்கும் உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடுவது; உலகத்தில் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. கோடியக்கரையில் முன்பு பதிவாகியிருப்பதால் உன் ஆசையில் தவறில்லை. ஆனால் அங்கே கூட்டம் கூட்டமாக மேயும் கொசு உள்ளான் நன்றாக ஏமாற்றும். சேற்றைக் குத்திக் குத்தி அலகு நுனியில் ஓர் உருண்டை ஒட்டிக்கொண்டால், தூரத்தில் கரண்டியாகவே தெரியும். பக்கவாட்டில் பார்த்து முடிவுகட்டாதே. பறவை உன் பக்கம் திரும்பட்டும். நுனி இருபுறமும் அகன்றிருக்கிறதா என்று பார்.

இல்லத்தரசி, நாகப்பட்டினம்: ஐப்பசி இரவில் பச்சை முதுகும் கட்டை வாலுமாக ஒரு குருவி வீட்டுக்குள் விழுந்தது. வாலடி சிவப்பு. வளர்க்கலாம் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள்.

ஆறுமணிக்குருவி அம்மா அது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து தெற்கே வரும். விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரில் மோதிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். விடிந்ததும் தெளிவாக நின்றால் புதரடியில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெட்டியைத் திறந்துவிடும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள், அடம் அடங்கிவிடும்.

கல்லூரி மாணவி, மன்னார்குடி: கூட்டுக்கு அருகில் போய்ப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். தாய் எழுந்தால் காகம் இறங்கிவிடும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள்.

இளைஞர், திருத்துறைப்பூண்டி: வயலில் வலை விரித்து மடையான் பிடித்து விற்கிறார்கள். நண்பர்களோடு போய் அறுத்துவிடட்டுமா?

அடிதடியில் முடியும், மறுநாள் வேறு வயலில் வலை விரியும். இடத்தையும் நேரத்தையும் குறித்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள், சட்டம் உங்கள் பக்கம்தான். அதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு: அந்தக் கறியை வாங்கிச் சமைக்கும் சொந்தக்காரர்களிடம் பேசுவது. வாங்க ஆள் இருக்கும்வரை வலை ஓயாது.

ஆசிரியர், திருவாரூர்: மாணவர்கள் பார்த்துக் குறித்துவைப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. 2015 முதல் பொங்கலையொட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்த்துவிடுங்கள். குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடக் கூடாது. இதற்காக வடுவூர் பறவைகள் சரணாலய ஏரிவரை பஸ் பிடிக்க வேண்டியதில்லை, பள்ளிக்கு எதிரே உள்ள குளக்கரை போதும்.