கெட்டியான உலோகம் ஏன் சீக்கிரம் ஓட்டையாகிறது? – வாசகர் கேள்வி பதில்

பொருள்களின் தேய்மானம் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான்: “எந்த உலோகம் தேயாது?” இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடையாது. எது வந்து மோதுகிறது, எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் என்று தெரியாமல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்று கீழே உள்ள பதில்களில் புரியும்.

கேள்வி: சாம்பல் தூளைக் காற்றழுத்தத்தால் தள்ளும் குழாய்ப்பாதையில் வளைவுகள் மட்டும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஓட்டையாகின்றன. இன்னும் கடினமாக்கிய ஸ்டீலில் எல்போ (வளைவுத் துண்டு) செய்து மாட்டிப் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? – ஆலைப் பராமரிப்பில் இருக்கும் வாசகர்

ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை எல்போவைக் கழற்றும்போது ஸ்கிராப்பில் வீசாமல் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். உள்வளைவு கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். வெளிவளைவின் உட்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது: காற்று வீசிய மணல்மேட்டில் தெரிவது போல அலை அலையாக வரிகள், விரல் வைத்தால் தட்டுப்படும். காற்று வளைந்து போய்விடும், ஆனால் தூள் துகளுக்கு எடை இருக்கிறதே, அதனால் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாமல் நேரே போய் வெளிச்சுவரைச் சாய்வாக உரசுகிறது. அந்த உரசலின் தடம்தான் அந்த வரிகள்.

ஸ்டீல், அலுமினியம் போன்ற வளையக்கூடிய உலோகங்களுக்கு நேராக வந்து இடிக்கும் துகளைவிடச் சாய்வாக வரும் துகள்தான் பெரிய எதிரி. 20, 30 டிகிரி கோணத்தில் வரும் கூர்மையான துகள் தச்சரின் இழைப்புளி போல ஒரு மெல்லிய சீவலை எடுத்துக்கொண்டு போகிறது. அதே துகள் 90 டிகிரியில் வந்தால் உலோகம் கொஞ்சம் பள்ளமாகி, ஓரம் பிதுங்கி, அடுத்தடுத்த அடிகளில் நசுங்கி நசுங்கி ஒருவழியாகத்தான் உரிந்து விழும், அதற்கு நேரமாகும். கண்ணாடி, பீங்கான் வகைகளுக்கு இது அப்படியே தலைகீழ். சாய்வாக வரும் துகளை அவை நன்றாகத் தாங்கும், நேரடி அடியில் விரிசல் விட்டுச் சில்லுச் சில்லாகப் பெயரும்.

இயன் ஃபின்னி என்ற பொறியியலாளர் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்துதான் இந்தக் கோணக் கணக்கு முறையாக வளர ஆரம்பித்தது. உங்கள் புகாருக்கான விடையும் அந்தக் காலத்து ஆராய்ச்சிகளிலேயே இருக்கிறது: மெதுமெதுவாக ஆற்றிய தூய உலோகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கடினத்தன்மை கூடக்கூடத் தேய்மானம் குறைகிறது, ஆனால் ஒரே ஸ்டீலை எடுத்துச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கினால் துகள் அரிப்பில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. துகள் மோதும் அந்தச் சின்ன இடத்தில் உலோகம் எப்படியும் அளவுக்கு மீறி உருமாறி இறுகிவிடுகிறது, நாம் முன்கூட்டியே இறுக்கிக் கொடுத்தது அங்கே செல்லுபடியாவதில்லை. உங்கள் காசு அங்கேதான் போயிற்று.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வேகத்தைப் பாருங்கள். உலோகத்தின் தேய்மானம் துகள் வேகத்தின் சுமார் 2 முதல் 2.5 அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் தேய்மானம் நாலு முதல் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். இதையே திருப்பிப் பாருங்கள், நொடிக்கு 25 மீட்டரில் ஓடும் காற்றை 20 மீட்டருக்குக் குறைத்தால் தேய்மானம் பத்தில் நாலு பங்கு வரை குறையலாம். புது எல்போ எதுவும் வாங்காமலே கிடைக்கும் ஆயுள் இது. ரொம்பக் குறைத்தால் தூள் குழாயின் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும், அந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வளைவின் வடிவம். நீண்ட வளைவாகப் போட்டு உள்ளே பீங்கான் ஓடு அல்லது உருக்கி வார்த்த பசால்ட் கல் பதித்தால் துகள் சாய்வாகத்தான் வரும், அந்த மாதிரிப் பொருளுக்கு அதுதான் தோதான கோணம். அதே பீங்கானைத் திடீரென்று திரும்பும் குட்டை எல்போவில் பதித்தால் அடி நேருக்கு நேராக விழும், உடைந்துவிடும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: எல்போவையே எடுத்துவிட்டு, ஒரு முனையை மூடிய ‘டீ’ இணைப்பு மாட்டுவது. மூடிய முனையில் தூள் போய்க் குவிந்து நிற்கும், பின்னால் வரும் தூள் அந்தக் குவியலில்தான் மோதுமே தவிர உலோகத்தில் மோதுவது குறைந்துவிடும். சுரங்கங்களில் தாது இறங்கும் சரிவுகளில் கல்லின் மேல் கல் விழும்படி ஒரு பெட்டி விட்டுக் கட்டுகிறார்களே, அதே யோசனைதான். இதில் காற்றழுத்த இழப்பு கொஞ்சம் கூடும், ஈரமான அல்லது ஒட்டும் தூளுக்கு இது ஒத்துவராது. உங்களுடையது உலர்ந்த சாம்பல் என்று எழுதியிருப்பதால் ஒரே ஒரு வளைவில் மட்டும் மாட்டிப் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: சார், என் புராஜெக்ட்டுக்கு ஒரு பாலிமர் (பிளாஸ்டிக் வகை) தகட்டின் மேல் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகளை 90 டிகிரியில் அடித்து எடை போட்டேன். எடை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது! தராசு தவறா, நான் தவறா? – பொறியியல் மாணவர்

இரண்டுமே இல்லை, தம்பி. அந்தத் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் முள் முள்ளாகத் துகள்கள் செருகிக்கொண்டு நிற்பது தெரியும். மென்மையான பொருளை நேராக அடிக்கும்போது முதலில் வரும் துகள்கள் அதிலேயே புதைந்துவிடுகின்றன. போன எடையைவிட வந்து சேர்ந்த எடை அதிகம், அவ்வளவுதான். தொடர்ந்து அடித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எடை இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் ஒரே சீராக இறங்கும். அந்தச் சீரான பகுதியின் சரிவைத்தான் தேய்மான வீதம் என்று எழுத வேண்டும். ஒரே ஒரு முறை அடித்து, ஒரே ஒரு முறை எடை போட்டு முடிவு எழுதிவிடுகிறார்கள், அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்தது போல வாயுத் தாரையில் துகளை அடிக்கும் சோதனைக்கு, ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் ஜி76 என்ற தரமுறை இருக்கிறது: 50 மைக்ரான் அளவுள்ள கூரிய அலுமினா துகள், நொடிக்கு 30 மீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2 கிராம், நாசிலுக்கும் மாதிரிக்கும் இடையே 10 மில்லிமீட்டர். உங்கள் சோதனை இதிலிருந்து எங்கே விலகுகிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு யாராலும் ஒப்பிட முடியாது. அப்புறம் இன்னொன்று: பாலிமரையும் ஸ்டீலையும் எடை இழப்பில் ஒப்பிடாதீர்கள். அடர்த்தியால் வகுத்துக் கன அளவு இழப்பாக மாற்றுங்கள். ஸ்டீல் பாலிமரைவிட ஆறேழு மடங்கு கனமானது, எடையை மட்டும் பார்த்தால் பாலிமர் நியாயமில்லாமல் ஜெயித்துவிடும்.

கேள்வி: எங்கள் பம்பில் ஓடுவது வடிகட்டிய சுத்தமான தண்ணீர். மணல் ஒரு பொட்டு கிடையாது. ஆனால் உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் கரையான் அரித்தது போல ஆகிவிட்டது. எப்படி?

கரையான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி நோயைச் சொல்லிவிட்டீர்கள். மணல் அரித்த உலோகம் வழவழப்பாக, வரி வரியாக இருக்கும். உங்களுடையது பஞ்சு போலச் சொரசொரப்பாக, ஆழமான குழிகளோடு இருந்தால் அது கேவிட்டேஷன், அதாவது நீராவிக் குமிழ்கள் நொறுங்குவதால் வரும் அரிப்பு. பம்பு ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்டிருக்குமே?

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும் என்பது சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்குத்தான் பொருந்தும். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரும் அழுத்தம் வளிமண்டலத்தில் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்கினால் கொதித்துவிடும். இம்பெல்லரின் நுழைவாயில் அருகே சில இடங்களில் அழுத்தம் அப்படி இறங்குகிறது, நீராவிக் குமிழ்கள் பிறக்கின்றன. அவை கொஞ்சம் தள்ளி அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் உடனே நொறுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி நொறுங்கும் குமிழ், சுவரை நோக்கி ஊசி போன்ற நீர்த்தாரை ஒன்றைப் பாய்ச்சும், அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் போகும். ஒரு குமிழால் ஒன்றும் ஆகாது. ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, இங்கே ஊர்கிற எறும்பு நொடிக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. வெற்றுக்குமிழ் நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1917-இலேயே கணக்குப் போட்டார், கப்பல்களின் புரொப்பெல்லர்கள் இப்படிக் குழிவிழுந்து போனதை விளக்கத்தான் அந்தக் கணக்கே தேவைப்பட்டது.

அதனால் இம்பெல்லரின் உலோகத்தை மாற்றுவதற்கு முன்னால் உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். சக்‌ஷன் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டிச் சல்லடை) அடைத்திருக்கிறதா, குழாய் தேவையில்லாமல் நீளமாகவோ குறுகலாகவோ இருக்கிறதா, பம்பு நீர்மட்டத்துக்கு ரொம்ப மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் நிக்கல் அலுமினியம் வெண்கலமோ ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலோ போட்டால் ஆயுள் கூடும், அரிப்பு நிற்காது.

இது கான்கிரீட்டையும் விடாது. 1983 வெள்ளத்தின்போது அமெரிக்காவில் கொலராடோ ஆற்றிலுள்ள கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ச் சுரங்கத்தில் வேகமாகப் பாய்ந்த தண்ணீர் கான்கிரீட் பூச்சைப் பெயர்த்து, அதன் பின்னாலிருந்த மணற்பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிவிட்டது. தொடக்கம், கான்கிரீட் பரப்பில் இருந்த சிறு மேடுபள்ளங்களில் பிறந்த குமிழ்கள். பிறகு பழுதுபார்த்தபோது கூடுதல் வலுவான கான்கிரீட்டை மட்டும் நம்பி நிற்காமல் நீரோட்டத்துக்குள் காற்றை இழுத்துவிடும் வாய்க்கால் ஒன்றை வெட்டினார்கள். காற்று கலந்த நீரில் குமிழின் நொறுங்கல் மெத்தையில் விழுந்த அடியாகிவிடுகிறது. பொருளைத் தொடாமல் ஓட்டத்தை மாற்றித் தீர்த்த இந்தத் தீர்வை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: காற்றாலை இறக்கையை மழைத்துளி தேய்க்கும் என்கிறார்கள், நம்பலாமா?

நம்பலாம். பெரிய இறக்கையின் நுனி நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டரில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் துளி மோதும் கணத்தில் எழும் அழுத்தத்தை நீரின் அடர்த்தி, நீரில் ஒலியின் வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கி மதிப்பிடலாம்: சுமார் 120 மெகாபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 1,200 மடங்கு. நொடியில் மிக மிகச் சிறிய பங்குதான் அது நீடிக்கும், ஆனால் வருஷக்கணக்கில் ஒவ்வொரு மழையிலும் திரும்பத் திரும்ப விழுகிறது. முதலில் வெளியே எதுவுமே தெரியாது, உள்ளுக்குள் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். பிறகு பூச்சில் ஊசிக்குழி, அப்புறம் விரிசல், கடைசியில் முன்விளிம்பில் இழைப்பொருள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். இங்கே ஜெயிப்பது கடினமான பூச்சு அல்ல, அடியை வாங்கிக்கொண்டு மீளும் பாலியூரிதேன் போன்ற நெகிழ்வான பூச்சு. கனமழை நேரத்தில் சுழற்சியைக் குறைத்து ஓட்டுவதைப் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது, வேகத்தின் அடுக்குக் கணக்கு தெரிந்த யாருக்கும் அது சரியான வழி என்று படும்.

கேள்வி: டங்ஸ்டன் கார்பைடு கோட்டிங் போட்டால் கவலை விட்டதா?

விட்டதில்லை. டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான பொருள் அது. குவார்ட்ஸ் துகள் நிறைந்த மலையாறுகளின் நீரில் ஓடும் டர்பைன்களுக்கு அது நன்றாக உதவுகிறது. ஆனால் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும், தெளிக்கும் துப்பாக்கியால் நேராக எட்ட முடியாத உள்மூலைகளில் பிடிக்காது. கார்பைடு மணிகளைக் கட்டி வைத்திருக்கும் கோபால்ட் முதலில் தேய்ந்தால் மணிகள் தானாக உதிர்ந்துவிடும்.

கேள்வி: துருவும் அரிப்பும் ஒன்றுதானே, ஏன் தனித்தனியாகப் பேசுகிறீர்கள்?

தமிழில் இரண்டையுமே ‘அரிப்பு’ என்று சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது. ஒன்று மோதித் தேய்ப்பது, மற்றது வேதிவினை. ஆனால் இரண்டும் கைகோத்தால் வரும் இழப்பு தனித்தனி இழப்புகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகிவிடும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலைக் காப்பது சில நானோமீட்டர் கனமே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். துகள் அதைச் சுரண்டுகிறது, புதுப்படலம் வளர்கிறது, மறுபடி சுரண்டல், இப்படி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உலோகம் போய்க்கொண்டே இருக்கிறது.

துகளே இல்லாமலும் இது நடக்கும். ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆகஸ்டில் ஒரு குழாய் வெடித்துக் கொதிநீரும் நீராவியும் பாய்ந்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். சாதாரண கார்பன் ஸ்டீல் குழாய், உள்ளே சூடான சுத்தமான தண்ணீர். ஓட்டம் குலைந்து சுழலும் இடத்தில் காப்புப்படலம் மெல்ல மெல்லக் கரைந்து, 10 மில்லிமீட்டர் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. 1976-இல் ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்த இடத்தை ஒருமுறைகூட அளந்து பார்த்திருக்கவில்லை. குரோமியம் ஒன்று, இரண்டு சதவீதம் கலந்த ஸ்டீலில் இந்த வகை இழப்பு பெருமளவு குறைந்துவிடும் என்பது தெரிந்த விஷயம். அதையெல்லாம்விட, ஒலியலையால் சுவரின் கனத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மானியை அந்த இடத்தில் ஒருமுறை வைத்திருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

கேள்வி: குழாய்ச் சுவரின் கனத்தை அளந்துவிட்டோம். இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

ஒரு அளவீடு போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். உதாரணத்துக்கு, 8 மில்லிமீட்டராக இருந்த சுவர் இரண்டு வருஷத்தில் 7.1 ஆகியிருக்கிறது, பாதுகாப்புக்கு 4.5 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 0.45 போகிறது, மிச்சம் 2.6, ஆக ஐந்தே முக்கால் வருஷம். ஆனால் அதுவரை நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஓட்டமோ துகளின் அளவோ மாறினால் வீதமும் மாறிவிடும், அதனால் மிச்ச ஆயுளில் பாதி முடிவதற்குள் அடுத்த அளவீட்டை எடுத்துவிடுங்கள். அப்புறம், மானியை வைத்த இடத்தைப் பெயின்டால் வட்டம் போட்டு வையுங்கள். வளைவில் ஒரு விரல் தள்ளி வைத்தாலும் வேறு எண் வரும், குழாய் வளர்ந்துவிட்டதா என்று குழம்பிப்போவீர்கள்.