நேமி: ரோமுக்கு அருகே ஒரு ஏரிக்கரை ஊர் (கேள்வி பதில்)

கேள்வி: ரோமிலிருந்து நேமிக்கு ரயில் உண்டா?

பதில்: நேமியில் ரயில் நிலையம் கிடையாது. மெட்ரோ ஏ தடத்தில் கடைசி நிறுத்தமான அனாஞ்ஞினாவில் இறங்கி, கோத்ரால் என்ற வட்டாரப் பேருந்தில் பக்கத்து ஊரான ஜென்சானோ போய், அங்கே வண்டி மாற வேண்டும். தூரம் 30 கி.மீ. அளவுதான். ஆனால் மாறும் இடத்தில் காத்திருப்பதில் நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. திரும்புவதற்கான டிக்கெட்டையும் ரோமிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேமியில் இறங்கியதும் கடைசி வண்டியின் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ரோமப் பேரரசர் கலிகுலாவின் கப்பல்களுக்காகக் கட்டிய அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறதா?

பதில்: இல்லை, பலர் ஏமாறுவது இதில்தான். ஊர் இருப்பது பழைய எரிமலை வாயின் விளிம்பில், சுமார் 520 மீட்டர் உயரத்தில். அருங்காட்சியகமோ கீழே ஏரிக்கரையில், 200 மீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது சிரமம் தெரியாது. வெயிலில் ஏறி வரும்போதுதான் கால் கெஞ்சும். காலையிலேயே கீழே போய், உச்சிவேளைக்குள் மேலே வந்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, கலிகுலாவின் அசல் கப்பல்களை அங்கே பார்க்கலாமா?

பதில்: முடியாது. ஏரியடியில் மூழ்கிக் கிடந்த அவற்றை எடுக்க, 1928இல் பழங்கால வடிகால் சுரங்கத்தைத் தூர்வாரி, ஏரித் தண்ணீரை இறைத்து, நீர்மட்டத்தை 20 மீட்டருக்கும் மேல் இறக்கினார்கள். 1932க்குள் இரண்டு கப்பல்களும் கரைக்கு வந்தன. ஒவ்வொன்றும் 70 மீட்டருக்கும் அதிக நீளம்! அவற்றுக்காகவே 1940இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1944 மே 31 இரவு, போருக்கு நடுவே, இரண்டும் எரிந்து சாம்பலாயின. இப்போது இருப்பவை ஐந்தில் ஒரு பங்கு அளவு மாதிரிகள். ஆனாலும் அந்த நெடிய கூடத்தில் நின்றால் அசலின் அளவு மனதில் பதியும்; கட்டடமே கப்பலுக்கு அளவெடுத்துக் கட்டியதுதான். கப்பல்களை அலங்கரித்து, தீயில் தப்பிய வெண்கல விலங்குத் தலைகள் ரோமில் தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே, பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அவற்றை முதலில் பார்த்துவிட்டு நேமிக்குப் போவதே சரி.

கேள்வி: கப்பல்களின் அடிப்பாகத்தில் ஈயத் தகடு அடித்திருந்தார்களாமே, ஏரியில் கிடந்த கப்பலுக்கு அது எதற்கு?

பதில்: கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைத் தடுக்கத்தான் ஈயம் அடிப்பார்கள். நன்னீரில் அந்தப் புழு கிடையாது. கடல் கப்பல் கட்டும் முறையை அப்படியே இங்கும் கையாண்டிருக்கிறார்கள். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே பிசின் ஊறிய கம்பளித் துணி. மரம் இத்தனை நூற்றாண்டு தாங்கியதற்கு முக்கியக் காரணம், காற்றுப் புகாத ஏரியடிச் சேறு.

கேள்வி: ஸ்ட்ராபெர்ரி வாங்கி ஊருக்கு எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். நேமியின் பெயர்பெற்ற பழம் விரல்நுனி அளவுள்ள காட்டு ஸ்ட்ராபெர்ரி. தோல் மெல்லியது, பையில் வைத்தால் அன்றே நசுங்கிச் சாறு விடும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து அங்கேயே சாப்பிடுங்கள். திருவிழா ஜூன் மாத முதல் ஞாயிறு. அன்று கூட்டத்தில் நகர முடியாது. பழம்தான் நோக்கமென்றால் அதற்கு முந்தைய வார நாள் ஒன்றில் போங்கள்.