மாஸ்டர் சான்றிதழுக்கு முன் கரையேற வேண்டாம்

கேள்வி: சென்னையிலுள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டிக்கல் சயின்ஸ் (கப்பல் செலுத்தும் கல்வி) பட்டம் பெற்றேன். வயது 28. ஃபர்ஸ்ட் மேட் சான்றிதழ் வாங்கி, கேப்டனுக்கு அடுத்த நிலையிலுள்ள சீஃப் ஆபீசராக ஓர் ஒப்பந்தத்தை முடித்து ஊர் திரும்பியிருக்கிறேன். கப்பலை விட்டுவிட்டு ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்குமாறு அப்பா வற்புறுத்துகிறார். கடல் படிப்புக்கு அரசில் உயர் பதவியே கிடையாது என்கிறார்கள் நண்பர்கள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஃபர்ஸ்ட் மேட் வாய்மொழித் தேர்வுக்காக நீங்கள் படபடப்புடன் போய் அமர்ந்த நாளை நினைத்துப் பாருங்கள். மோதல் தவிர்ப்பு விதிகளைப் பற்றி உங்களைத் துருவித் துருவிக் கேட்ட அதிகாரியும் ஒரு காலத்தில் கேடட்டாக, அதாவது பயிற்சி மாணவராக, கப்பலேறி, படிப்படியாகக் கேப்டனாக உயர்ந்தவராகவே பெரும்பாலும் இருந்திருப்பார். நண்பர்கள் இல்லையென்று சொல்லும் அந்த அரசுப் பதவியை நீங்கள் நேருக்கு நேர் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

1949இல் அமைக்கப்பட்ட கப்பல் துறைத் தலைமை இயக்ககமும் அதன் கீழுள்ள வணிகக் கடல்துறை அலுவலகங்களும் கடலில் பணியாற்றியவர்கள் இல்லாமல் இயங்க முடியாது. கேப்டனாவதற்கான மாஸ்டர் சான்றிதழ் பெற்றவர்களை நாட்டிக்கல் சர்வேயர்களாகவும், முதல் வகுப்புச் சான்றிதழ் பெற்ற மரைன் இன்ஜினியர்களைக் கப்பல் சர்வேயர்களாகவும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமே தேர்ந்தெடுக்கிறது. கப்பல்களை ஆய்வு செய்வது, குறையுள்ள வெளிநாட்டுக் கப்பலைத் துறைமுகத்தை விட்டுப் புறப்படாமல் தடுத்து நிறுத்துவது, விபத்துகளை விசாரிப்பது, உங்களைப் போன்றவர்களைத் தேர்வு செய்து சான்றளிப்பது ஆகியவை அவர்களுடைய பொறுப்புகள். இந்தப் படிக்கட்டின் மேல்படியில் இருப்பது இந்திய அரசின் நாட்டிக்கல் அட்வைசர் பதவி. பொறியாளர்களுக்குச் சீஃப் சர்வேயர் பதவி இருக்கிறது. இவை தவிர, பெருந்துறைமுகங்களில், கப்பல்களை உள்ளே வழிநடத்தி வரும் பைலட்டாகச் சேர்ந்து, துறைமுகத்தின் கடல் பிரிவுக்குத் தலைமை வகிக்கும் டெபுடி கன்சர்வேட்டர் வரை உயரலாம். உங்கள் ஊர்த் துறைமுகத்திலும் அந்தப் பதவி உண்டு.

இத்தகையவர்கள் அரசுக்கு எதற்கு என்று அப்பா கேட்டால் எண்ணூரை நினைவூட்டுங்கள். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கசிந்த எண்ணெய் கரையில் தார்போல ஒதுங்கியதையும், அதை மனிதர்கள் வாளி வாளியாக அள்ளியதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். அப்படியொரு மோதலுக்கு முந்தைய நிமிடங்களில் இரண்டு கப்பல்களின் பிரிட்ஜிலும், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையிலும், என்ன நடந்திருக்கும் என்பதை, இரவு வாட்சில், அதாவது கண்காணிப்புப் பணியில், நின்று ராடார் திரையைப் பார்த்துப் பழகியவர் புரிந்துகொள்ளும் விதமே வேறு. அந்த அறிவை எந்தப் பயிற்சி மையமும் கற்றுத் தர முடியாது.

ஆயினும் அப்பாவின் பேச்சிலும் ஓர் உண்மை இருக்கிறது. கப்பல் துறைத் தலைமை இயக்குநராக வழக்கமாக ஐஏஎஸ் அலுவலர்களே அமர்த்தப்படுகிறார்கள். ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமைச் செயலாளராக 1974 முதல் 1989 வரை இருந்த சி. பி. ஸ்ரீவஸ்தவாவும் ஐஏஎஸ் பணியிலிருந்து வந்தவர்தான். ஆகவே குடிமைப் பணித் தேர்வு எழுத உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் நான் தடுக்க மாட்டேன். பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரையும் பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரையும் அதற்கு இடமுண்டு. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தும் அந்த ஆசை உங்களுடையது என்று காட்டும் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அதே சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலைமைப் பொறுப்பில் 2016 முதல் 2023 வரை இருந்த கிடாக் லிம்மின் பாதையைப் பாருங்கள். தென்கொரியாவின் கடல்சார் பல்கலைக்கழகத்தில் படித்து, கப்பல் அதிகாரியாகப் பணியாற்றிவிட்டு, 1985இல் தம் நாட்டின் கடல்துறை நிர்வாகத்தில் சேர்ந்தார். பிறகு சுவீடனின் மால்மோ நகரிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தார். கடல் பாதுகாப்புத் துறையில் பல ஆண்டுகள் உழைத்து, 2012இல் பூசான் துறைமுக ஆணையத்தின் தலைவரானார். கப்பலில் கற்றது மட்டும் அவரை அங்கே கொண்டு சேர்க்கவில்லை. கரைக்கு வந்தபின் சட்டமும் நிர்வாகமும் கற்க அவர் மறுபடியும் மாணவரானார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கப்பலில் ஆணையிட்டுப் பழகியவர்களில் பலர் அரசு அலுவலகத்தில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டுமென்றால், அதற்கான காரணத்தைக் கடலே பார்த்திராத மேலதிகாரிக்கும் புரியும்படி கோப்பில் எழுதத் தெரிய வேண்டும்.

எனவே, மாஸ்டர் சான்றிதழ் கைக்கு வரும்வரை கரையேறாதீர்கள். அதற்கு முன் இறங்கிவிட்டால், நான் மேலே சொன்ன கதவுகளில் பெரும்பாலானவை உங்களுக்குத் திறக்கா. அரசுச் சம்பளம், டாலரில் வாங்கிய சம்பளத்தைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற முறையில் கிடைக்கும் வரிச்சலுகை அதன்பின் இராது என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். திருமணப் பேச்சு நடக்கிறதென்றால் பெண் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டுக் கடன் ஏதேனும் இருந்தால் கடலில் இருக்கும்போதே அடைத்துவிடுவது நல்லது.

அடுத்த ஒப்பந்தத்துக்குப் புறப்படும்போது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டத்தின் பிரதி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஆய்வாளர் உங்கள் கப்பலுக்கு வரும்போது, அவர் எழுதும் ஒவ்வொரு குறைபாடும் எந்த விதியின் கீழ் எழுதப்படுகிறது என்று பணிவோடு கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டிக்கல் சர்வேயர் பணிக்குத் தேர்வாணையம் வெளியிட்ட பழைய அறிவிக்கை ஒன்றை அச்செடுத்து, புறப்படுவதற்கு முன் அப்பாவின் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.