எம்.பி.ஏ. கடன் வேண்டாம், டெண்டர் மேசை போதும்

கரூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் பி.காம். கடைசி வருடம். சென்னையில் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. சேர்க்கச் சொல்லி சித்தப்பா நெருக்குகிறார், பத்து லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதினால் உங்களுக்கு இதமாக இருக்கும். ஆனால் என் பதில் வேறு: வாங்காதீர்கள். பத்து லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 17 ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். சித்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு நிற்கும்.

வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., சி.ஏ. பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் பிடித்துக்கொண்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை: ரோடு காண்ட்ராக்ட் எடுக்கும் மாமாவின் டெண்டர் பேப்பர்களைச் சாப்பாட்டைக்கூட மறந்து இவள்தான் சரிபார்க்கிறாள். அம்மா, அவளுக்கான தொழில் அதிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு கொள்முதல் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படியும் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படியும் நடக்கிறது. மத்திய அரசுத் துறைகள் 2016-இல் வந்த ஜெம் (GeM) என்ற அரசு ஆன்லைன் கொள்முதல் தளத்தில் வாங்குகின்றன. விற்க வருகிறவர்களுக்கு விதி தெரிந்த ஆள் வேண்டும். இரண்டு கவர் டெண்டரில் முதல் கவரில் தகுதிச் சான்றுகள், இரண்டாவதில் விலை. தப்பித்தவறி விலை முதல் கவரில் தெரிந்துவிட்டால் டெண்டரையே நிராகரித்துவிடுவார்கள். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றிப் பதிவேற்றினாலே சிக்கல். உத்யம் என்ற சிறுதொழில் பதிவுள்ள சிறு நிறுவனம் மத்திய அரசுக்குத் தன் தயாரிப்பை விற்றால் இ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டும் முன்வைப்பு டெபாசிட், கட்ட வேண்டாம். அதே சலுகை சாலை, கட்டடப் பணிகளுக்கும் உண்டு என்று நினைத்து டெபாசிட் கட்டாமல் போனால் ஏமாற்றம்தான்.

டெண்டர் கிடைத்து, வேலையைத் தொடங்கச் சொல்லும் ஒர்க் ஆர்டர் வந்த பிறகுதான் பாதி வேலையே. காண்ட்ராக்டருக்காக வங்கி கொடுத்த உத்தரவாதமான பாங்க் கியாரண்டி என்றைக்குக் காலாவதி ஆகிறது, மழையால் வேலை நின்ற நாட்களுக்குக் கால நீட்டிப்புக் கடிதம் போனதா, முடிந்த வேலையை அளந்து எழுதும் எம்-புக்கில் ஏறிய அளவும் பில்லும் ஒத்துப்போகின்றனவா, பில்லில் பிடித்து வைத்த ரிட்டென்ஷன் பணம் எப்போது திரும்பும்... இதை நாள்தோறும் பார்க்க ஆள் இல்லாததால் நஷ்டப்படும் காண்ட்ராக்டர்கள் நிறைய.

வாங்கும் பக்கத்திலும் படிக்க நிறைய இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியும் தனக்கென ஒதுக்கிய தொகையைக் காட்டும் பாஸ்புக்கை வைத்து, அந்தத் தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த முறையை அவளே உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும்.

சரி, வழி என்ன? பி.காம். முடித்ததும் கோவையிலோ சென்னையிலோ நடுத்தர காண்ட்ராக்டர் அல்லது அரசுக்குச் சப்ளை செய்யும் கம்பெனியில் டெண்டர் பேப்பர்களைத் தயாரித்துக் கவனிக்கும் டெண்டர் எக்ஸிகியூட்டிவாகச் சேரட்டும். ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வேலை பார்த்துக்கொண்டே உலக வங்கி ஆதரவிலான இலவச ஆன்லைன் பொதுக் கொள்முதல் சான்றிதழை முடிக்கலாம். அப்புறம் இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனத்தின் டிப்ளமோ, அதுவும் தன் சம்பளத்தில். பொதுத்துறை நிறுவனங்களில் பொருள் மேலாண்மை அதிகாரி வேலைக்குப் பல இடங்களில் பொறியியல் பட்டம் கேட்பார்கள், அதை நம்பி இறங்க வேண்டாம்.

'கமிஷன் தொழிலாச்சே' என்று உறவினர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. அதனால் இரண்டு விஷயத்தில் அவள் கறாராக இருக்க வேண்டும். தன் பெயரிலுள்ள டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் (ஆன்லைனில் கையெழுத்துப் போடும் யு.எஸ்.பி. சாதனம்) பாஸ்வேர்டையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. போட்டி இருப்பதுபோல் காட்ட ஒரே கம்ப்யூட்டரில் மூன்று கம்பெனி பெயரில் விலை நிரப்பச் சொன்னால், அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடட்டும். 'ஏன் விட்டுவிட்டு வந்தாய்' என்று நீங்களும் கேட்காதீர்கள்.