13 வாரக் கான்ட்ராக்டில் எக்ஸ்ரே, சிடி வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் டிராவல் ரேடியாலஜி டெக்னாலஜிஸ்டாக, அதாவது ஏஜென்சி வழியாகக் குறுகிய கால கான்ட்ராக்டில் எக்ஸ்ரே, சிடி எடுப்பவராக, மாநிலம் மாநிலமாகப் போய் வேலை பார்க்கிறேன். இப்போது ஓடுவது ஒன்பதாவது கான்ட்ராக்ட். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏஆர்ஆர்டி தேர்வு (எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டுகளுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பின் தேர்வு) இப்போதுதான் பாஸ் செய்தேன் அக்கா. உடனே டிராவல் வேலைக்குப் போகலாமா?

வேண்டாம் தம்பி. பெரும்பாலான ஏஜென்சிகள் ஓரிரு வருட அனுபவம் கேட்கும். கேட்காவிட்டாலும் நீங்களே பொறுத்திருங்கள். புது இடத்தில் ஓரியன்டேஷன் பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மூன்றாம் நாளே பழகாத சி-ஆர்மோடு (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் நகர்த்தக்கூடிய எக்ஸ்ரே மெஷின்) ஆபரேஷன் தியேட்டரில் தனியாக நிற்க நேரலாம். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு கிராஸ் டேபிள் லேட்டரல் (படுத்தபடியே பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே) எடுப்பது ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், மெஷினை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். இரண்டையும் அங்கே போய்க் கற்கிறேன் என்றால், அதே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து நோயாளிக்குத்தான் கதிர்வீச்சு டோஸ் ஏறும்.

இந்தியாவில் பி.எஸ்சி. ரேடியாலஜி முடித்திருக்கிறேன். அதை வைத்தே வரலாமா?

அது மட்டும் போதாது. ஏஆர்ஆர்டி, தானே அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும் என்கிறது. பலரும் இங்கே வந்து சுமார் இரண்டு வருடப் படிப்பைத் திரும்பப் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

ஒரு லைசென்ஸ் எல்லா மாநிலத்துக்கும் செல்லுமா?

செல்லாது. பல மாநிலங்களுக்குப் பொதுவான நர்ஸ் லைசென்ஸைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏஆர்ஆர்டி சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும், ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் அதற்கு மேல் தங்கள் லைசென்ஸையும் கேட்கும். கலிஃபோர்னியாவில் ஃப்ளூரோஸ்கோபிக்கு (நேரலையாக ஓடும் எக்ஸ்ரே படம்) மட்டும் தனி பெர்மிட் வேண்டும். போக நினைக்கும் மாநிலத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

கான்ட்ராக்டில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

உத்தரவாத மணிநேரம். மற்றதெல்லாம் அப்புறம்தான். என் இரண்டாவது கான்ட்ராக்டில் வாரம் 40 மணிநேரம் என்று ரெக்ரூட்டர் போனில் சொன்னார். நம்பி மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டிவிட்டேன். நோயாளிகள் குறைந்த வாரங்களில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது நான்தான். 28 மணிநேரச் சம்பளம் வந்த வாரமும் உண்டு. தாளைப் புரட்டினால் 40 என்ற எண் இருந்தது, அதற்கு உத்தரவாதம் என்ற சொல் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

அதோடு, மருத்துவமனை இடையில் ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், ஆன் கால் நாளில் (அழைத்தால் வரத் தயாராக இருக்க வேண்டிய நாள்) கூப்பிட்டால் என்ன கணக்கு, வேறு கட்டடத்துக்கு மாற்றலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தயங்காதீர்கள். கேட்டதற்காக எனக்கு எந்த வாய்ப்பும் போனதில்லை.

தங்கும் செலவுக்கான ஸ்டைபெண்டுக்கு வரி கிடையாதாமே மேடம்?

சொந்த ஊரில் நிரந்தர வீட்டுச் செலவு இருந்து, அதற்கு மேல் வேலைக்காக வெளியூரில் தங்கினால்தான். வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் ஊராகப் போகிறவருக்கு அந்தப் பணமும் வருமானமே. ஒரே பகுதியில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை நீடிக்கும் என்று தெரிந்தாலும் சலுகை போய்விடும். வரிக் கணக்கரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

டோஸ் பேட்ஜ் (நம் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க அணிவது) இடத்துக்கு இடம் மாறுகிறதே, யார் கணக்கு வைப்பது?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி, ஏனென்றால் பலரும் இதைக் கேட்பதே இல்லை. வருடத்துக்கு 50 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) என்ற வரம்பு உங்கள் உடம்புக்கு, மருத்துவமனைக்கு அல்ல. நான்கு இடத்தில் வேலை பார்த்தால் நான்கின் கூட்டுத்தொகைதான் கணக்கு. கான்ட்ராக்ட் முடிந்ததும் டோஸ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அடுத்த இடத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுங்கள். கர்ப்பமாக இருப்பதை எழுத்தில் அறிவித்தால், கர்ப்பகாலம் முழுவதற்கும் கருவுக்கான வரம்பு 5 மில்லிசீவெர்ட். கதிர்வீச்சைத் தடுக்கும் ஏப்ரனுக்கு உள்ளே இடுப்பில் அணிய இன்னொரு பேட்ஜும் தருவார்கள். கான்ட்ராக்ட் நடுவில் எப்படிச் சொல்வது என்று தயங்கும் தங்கைகளுக்கும் இதே உரிமை உண்டு.

கையோடு என்ன கொண்டு போக வேண்டும்?

எக்ஸ்ரே படத்தில் எந்தப் பக்கம் என்று காட்ட, உங்கள் இனிஷியல் போட்ட இடது, வலது மார்க்கர்கள். இரண்டு செட்.