பின்னால் டிஸ்க் போடுவதற்கு முன் அந்த இரண்டு பட்டையைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப்பில் கேரட் ஏற்றிப் போகிறேன். பாதி இறக்கத்திலேயே பிரேக் பெடல் கீழே போகிறது, கருகல் வாடை அடிக்கிறது. போன வருடம் லோடுக்காகப் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டேன், வேறு எதையும் மாற்றவில்லை. பின் டிரம்மைக் கழற்றிவிட்டு, உடைக்கப் போன ஒரு காரின் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிபரையும் மாட்டித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மெக்கானிக் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். சூடு ஏறினால் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கிற ஷூவை விட்டு விலகும், அதைத் துரத்திக்கொண்டு பெடலும் இறங்கும். டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை, காற்றும் நன்றாகப் படும். ஆனால் டிரம்முக்கு ஒரு குணம் உண்டு: சக்கரம் சுற்றுகிற வேகமே முன் ஷூவை இழுத்து டிரம்மோடு இன்னும் அழுத்திவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதே பிடிக்கு அதிக பிரஷர் வேண்டும், கேலிபர் பிஸ்டன் பெரிசு என்பதால் ஆயிலும் அதிகம் வேண்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற உங்கள் மாஸ்டர் சிலிண்டர் டிரம்முக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அது போதாமல் பெடல் இன்னும் கீழே போகலாம். டிரம் போனால் ஹேண்ட் பிரேக்குக்கு என்ன வழி என்று அவரிடம் கேட்டீர்களா? அப்புறம், ஒரு காருக்குச் செய்த டிஸ்க் கேரட் மூட்டைகளைத் தாங்கும் என்று யார் சொன்னது? எல்லாம் சரியாக அமைந்து பின்னால் பிடி கூடிவிட்டது என்றே வையுங்கள், மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மழை ஈரத்தில் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி குறுக்கே திரும்பும். 2022-ல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கே பின்னால் டிரம்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றினால் எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்று) கேள்வி வரும், இன்சூரன்ஸிலும் வரும்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த இரண்டு பட்டை. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பல பிக்கப்களில் சேஸிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ போகும். லோடு ஏறிப் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்துத்தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு பிரஷரைத் திறந்துவிடும். பட்டை கூடியதும் வண்டி முன்போல அமுங்குவதில்லை. முழு லோடு ஏற்றியிருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், மொத்த பாரமும் முன் டிஸ்க்கின் தலையில் விழும். மலையை இறங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட்டுவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும்). முன்னால் அனல் அடித்துப் பின்னால் வெதுவெதுப்பாக இருந்தால் நான் சொன்னதுதான். பட்டையைப் பழையபடி ஆக்கிவிட்டு, அந்தக் கம்பியை அதற்கென்று உள்ள அளவுக்குச் செட் செய்யச் சொல்லுங்கள். லோடையும் அனுமதித்த எடைக்குள் வையுங்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வேலையோடு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். லைனிங் தேய்ந்திருக்கிறதா, ஆக்சில் சீல் கசிந்து ஷூவில் ஆயில் படிந்திருக்கிறதா, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டதா? பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றி, குழாயில் உள்ள ஏரை நன்றாக எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டிய டாட் 3 வகை ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அவ்வளவு இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாத வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் இறங்கும். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே வராமல் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெடல் இறங்கினால், எந்தச் சக்கரம் அதிகச் சூடு, எத்தனையாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது என்று குறித்து மறுபடி எழுதுங்கள்.